காலிக் கட்டத்துல வெச்ச பொட்டு

மொதல்லயே சொல்லிடுறேன் சார், நான் மீட்டர நம்புற ஆளு. முள்ளு அசைஞ்சா உண்டு, நம்பர் காட்டினா உண்டு, காட்டலேன்னா இல்ல, என் சாமி பேய் எல்லாமே அதுக்குள்ள அடக்கம். கல்யாணமானதுலேர்ந்து ஸ்ரீரங்கத்துல மேலூர் ரோட்டுல குடியிருக்கேன், காலைல வண்டி எடுக்கும்போது கோபுரத்தப் பாத்து ஒரு கும்புடு போடுவேன், அதுவும் தெருவுல எல்லாரும் போடுறாங்களேன்னு போடுறதுதான். பேயப் பாத்தேன், அருள் வந்துச்சுன்னு டீக்கடைல எவனாச்சும் அளந்தா, என்ன சரக்குப்பான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுடுவேன். எனக்குக் கோவமும் ஜாஸ்தி, சட்டுனு அடிக்கக் கையும் நீண்டுடும். அதையும் இப்பவே சொல்லிக்கிறேன், பின்னாடி நீங்களா கண்டுபுடிச்சு என்னைத் தப்பா நெனைக்கிறதுக்கு நானே சொல்லிடுறது நல்லது. நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. ராத்திரில, சுடுகாட்டுல எல்லாம் நடக்கல. பட்டப்பகல்ல, சாயங்காலம் நாலு மணிக்கு, மண்டயப் பொளக்குற வெயில்ல நடந்துச்சு.

அப்ப எனக்குத் திருவெறும்பூர் பக்கம் ஒரு பேப்ரிகேஷன் ஷெட்டுல வேல. பெரிய பிளாண்டுக்குப் பாய்லர் சாமான் செஞ்சு குடுக்குற சின்னக் கம்பெனிங்க அந்தப் பக்கம் நெறைய கெடக்கு, அதுல ஒண்ணு, பேரு வேணாம். நான் அங்க இன்ஸ்ட்ருமென்ட் பாக்குறவன், மீட்டரு, சென்சாரு, வயரு எல்லாம் என் பொறுப்பு. என் மச்சினன் சரவணன், அதாவது என் சம்சாரம் மாலதியோட தம்பி, அதே ஷெட்டுல வெல்டர். ஜீயபுரத்துலேர்ந்து வருவான். நான்தான் சொல்லிச் சேத்துவிட்டேன். நல்ல கை சார் அவனுக்கு, அவன் அடிச்ச வெல்டு ஒண்ணு கூட எக்ஸ்ரேல கோளாறுன்னு திரும்பி வந்ததில்ல.

ஷெட்டுக்குள்ள பெரிய பர்னஸ் ஒண்ணு உண்டு, அடுப்புதான், வெல்டு அடிச்ச சாமான உள்ள வெச்சு சூடு காட்டி எடுப்போம். எரிக்கிறது சமையல் கேஸ்தான், ஆனா வெளிய வரிசையா பன்னெண்டு பெரிய சிலிண்டர் நிக்கும். அதுலேர்ந்து பைப்பு, தரைல வாய்க்கா மாதிரி வெட்டி மேல தகடு போட்ட ஒரு பள்ளம் வழியா உள்ள போகும். இந்த கேஸ் கசிஞ்சா மேல எழும்பாது சார், தண்ணி மாதிரி பள்ளத்துல போய்ப் படுத்துக்கும். அதனால பள்ளத்துக்குள்ள ஒரு சென்சார், வாசல் பக்கத்துல வெளிச் சொவத்துல அதோட கன்ட்ரோலர். நாங்க பொட்டின்னுதான் சொல்லுவோம். மூஞ்சி ஒசரத்துல ஒரு பொட்டி, அதுல சின்ன டிஸ்ப்ளே, டிஸ்ப்ளேல நம்பருக்கு மூணு கட்டம். இருபதத் தாண்டினா மஞ்ச லைட்டு, நாப்பதத் தாண்டினா செவப்பு லைட்டு, கூடவே ஹூட்டர் ஊரக் கூட்டும். நூறுன்னா ஒரு பொறி போதும், ஷெட்டு இருக்காது.

பொட்டிய மாட்டினவன் எந்தப் பக்கம் சூரியன் எறங்கும்னு யோசிக்கவே இல்ல. மேக்கப் பாத்த சொவரு. மத்தியானம் மூணு மணிக்கு மேல டிஸ்ப்ளேல ஒரு எழவும் தெரியாது, மேல போட்ட பிளாஸ்டிக் மூடி வெயில்ல காஞ்சு பழுத்த எல மாதிரி மஞ்சளாயிடுச்சு, உள்ள நம்பரு மங்கலா எங்கியோ கெடக்கும். லைட்டு எரியுதா இல்லியான்னு கூட அந்த வெளிச்சத்துல புரியாது. நம்ம நிழல வெச்சு மறைக்கலாம்னா அது பொட்டிக்கு எடப்பக்கம் தள்ளி விழும், நிழல் விழுற மாதிரி தள்ளி நின்னா அந்தக் கோணத்துல நம்பரே காணாமப் போயிடும், அந்த மாதிரி மட்டமான டிஸ்ப்ளே அது. நல்லதா ஒண்ணு வாங்குங்கன்னு நான் சொல்லாத நாள் இல்ல, சொன்னதெல்லாம் காத்தோட போச்சு. அதனால நாங்களா ஒரு வழி வெச்சிருந்தோம். ஒருத்தன் நேரா நின்னு படிக்கணும், இன்னொருத்தன் அவனுக்குப் பின்னாடி வலப்பக்கமா நின்னு ஒடம்பால வெயில மறைக்கணும். யாராச்சும் நிழல் குடுங்கப்பான்னு கொரல் குடுத்தா போதும், பக்கத்துல இருக்குறவன் வந்து நிப்பான். நான் படிச்சு, கையெழுத்துப் போட்டுப் பெர்மிட் குடுத்தாத்தான் உள்ள வெல்டிங் ராடு பத்த வைக்கலாம். அதாவது என் கையெழுத்து இல்லாம அங்க ஒரு பொறி பறக்கக் கூடாது.

இப்ப ஆயுத பூஜைக்கு வரேன். எங்க மாதிரி ஷெட்டுல ஆயுத பூஜைன்னா தீபாவளிய விட பெருசு. ஒரு வாரம் முன்னாடியே தின்னர ஊத்தி மிஷினெல்லாம் தொடச்சு, புதுசா பெயிண்ட் அடிச்சு, ஷெட்டே கமகமன்னு ஆயிடும். அந்தத் தின்னர் ஆவிக்கே சென்சார் மெரண்டு போய் ஹூட்டர் கத்த ஆரம்பிக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் கத்தினா எவன் வேல பாப்பான்? அதனால வருஷா வருஷம் பெயிண்ட் தொடங்குற அன்னிக்கு ஹூட்டர் வயர நானே புடுங்கிடுவேன், பூஜையெல்லாம் முடிஞ்சு மாட்டுவேன். தப்புதான் சார், தெரிஞ்சேதான் பண்ணினேன், ஒண்ணும் ஆகல, ஆகலேங்கிறதால அது பழக்கமாயிடுச்சு.

அந்த வருஷம் நான் ஏணில ஏறி வயரப் புடுங்கிட்டு எறங்குறேன், சரவணன் கீழ நிக்கிறான். மாமா, வயர எடுக்காதீங்க, உள்ள நாங்கதான கெடக்கோம்னான். நியாயமான பேச்சு. ஆனா பத்து பேர் பாக்க நிக்கிறான், எனக்கு வந்துச்சே கோவம். என் வேலய எனக்கே சொல்லித்தரியாடான்னு கேட்டு முடிக்கல, விட்டேன் ஒண்ணு. கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சு நின்னுச்சு. அவன் ஒதடு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு, தொடைக்கக் கூட இல்ல, அப்படியே என்னையப் பாத்துட்டு உள்ள போயிட்டான். அதுலேர்ந்து என்கிட்ட பேச்சு இல்ல, நானும் பேசல. வீட்டுல மாலதி தட்டுல சோத்த வெச்சுட்டு ரூமுக்குள்ள போயிடுவா. எட்டு நாள் இப்படி. ஒரு வார்த்தை தப்புடான்னு சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும், சொல்ல வாய் வரல.

பூஜ அன்னிக்கு எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, மால போட்டு, பொரி கடல படையல் எல்லாம் ஆச்சு. பொட்டியும் மிஷின்தான, அதுக்கும் பொட்டு வைக்கணும். வேற எவனாச்சும் வெச்சா நம்பரு மேலயே அப்பிடுவான்னு நானே வெச்சேன். ரொம்ப புத்திசாலித்தனமா வெச்சேன் சார். நம்பரு எப்பவும் அஞ்சு, ஆறு, எட்டுன்னு ஒத்த எலக்கத்துல கடைசிக் கட்டத்துலதான் நிக்கும், முன்னாடி ரெண்டு கட்டமும் காலி. அந்தக் காலிக் கட்டத்து மேல கெட்டியா ஒரு ரூபாக் காசு அகலத்துக்குச் சந்தனத்த வெச்சு நடுவுல குங்குமம். ஒண்ணையும் மறைக்கலன்னு எனக்கு ஒரே பெரும. சாமந்தி மாலையத் தூக்கிப் பொட்டி மேல போட்டேன், அது லைட்ட மூடித் தொங்குச்சு, வெயில்ல லைட்டு தெரியப் போறதில்லன்னு விட்டுட்டேன்.

மறுநாள் விஜயதசமி. அன்னிக்கு லீவுதான், ஆனா புது வேலைய அன்னிக்குத் தொட்டு வெச்சுடணும், ஒரு ராடாச்சும் அடிச்சுட்டுப் போகணும்ங்கிறது எங்க ஷெட்டு வழக்கம். நாலு மணிக்கு மேல நல்ல நேரம்னு சூப்பர்வைசர் தங்கராசு சொல்லிருந்தார், நாங்க மூணே பேர்தான் வந்தோம். தங்கராசு, சரவணன், நான். வேற ஒரு ஈ காக்கா இல்ல, கேட்டு வாட்ச்மேன் கூட டீ குடிக்கப் போயிருந்தான். ஷெட்டு பூரா பெயிண்ட் வாசன, சாம்பிராணி வாசன, வாடின பூ வாசன. அதுக்கு நடுவுல கேஸ் வாசனைய எந்த மூக்கு பிரிச்சு எடுக்கும் சொல்லுங்க.

சரவணன் என்னையப் பாக்காமலே உள்ள போனான், பள்ளத்துத் தகடு மேல நின்னுதான் அன்னிக்கு அந்த வேல. நானும் தங்கராசும் பொட்டிகிட்ட. அவர் எனக்கு எடப்பக்கம், வாசல ஒட்டி, பெர்மிட் அட்டையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறார். வெயிலு மூடில பட்டுக் கண்ணக் கூசுது, ஒண்ணும் தெரியல. வழக்கம் போல வாயில வந்துச்சு, யாராச்சும் நிழல் குடுங்கப்பான்னேன். ஆள் இல்லேங்கிற நெனப்பே இல்லாம, பழக்க தோஷம்.

நிழல் விழுந்துச்சு சார்.

வலப்பக்கம் பின்னாடிலேர்ந்து, கரெக்டா பொட்டி மேல, ஒரு ஆளு நிக்கிற மாதிரி அகலமா. டிஸ்ப்ளே பளிச்சுனு தெரிஞ்சுது. ஆறு. எனக்குச் சந்தேகமே வரல, எப்பவும் ஆறுதான, தின்னர் ஆவி. அட்டைய வாங்கி ஆறுன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு, தங்கராசு கைல குடுத்தேன். அவர் சரவணா ஆரம்பிடான்னு கத்திக்கிட்டே வாசலுக்குள்ள ஒரு அடி வெச்சார். நான் பேனாவ மூடிப் பாக்கெட்டுல சொருகுறேன், நிழல் அப்படியே நிக்குது. போதும்ங்க, படிச்சாச்சுன்னு திரும்பாமலே சொன்னேன். அப்பத்தான் மண்டைல உறைக்குது, தங்கராசு எடப்பக்கம் இருக்கார், சரவணன் உள்ள இருக்கான், அப்ப பின்னாடி யாரு.

திரும்பறதுக்குள்ள பின்னங்கழுத்துல ஒரு பிடி. மனுசப் பிடிதான் சார், வெரலு வெரலா தெரிஞ்சுது, ஆனா சில்லுன்னு, அந்த வெயில்ல பிரிட்ஜுலேர்ந்து எடுத்த இரும்பு மாதிரி. அப்படியே கழுத்தோட தூக்கி என் மூஞ்சியப் பொட்டில அடிச்சுது. மொத அடில மூக்கு ஒடைஞ்சுது, சத்தமே எனக்குக் கேட்டுச்சு. நான் ரெண்டு கையையும் சொவத்துல ஊனித் தள்றேன், நான் ஒண்ணும் பூஞ்ச ஒடம்புக்காரன் இல்ல, எழுவது கிலோ, ஒரு இஞ்ச் நகர முடியல. ரெண்டாவது அடில முன்பல்லு ரெண்டும் போச்சு, நாக்கு பல்லுக்கு நடுவுல மாட்டி முக்கால்வாசி அறுந்துச்சு. மூணாவது அடில மூடி ஒடைஞ்சு புருவத்தக் கிழிச்சுது. எனக்கு வலியோ பயமோ இல்ல சார், அவமானம்தான் மொதல்ல வந்துச்சு, எவன்டா என்னைய அடிக்கிறதுன்னு. மூணு அடியோட பிடி விட்டுப் போச்சு. நான் பொட்டியக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், மூஞ்சி பூரா ரத்தம், மூடி ரெண்டாப் பொளந்து என் பொட்டோட, மாலையோட கீழ கெடக்கு. டிஸ்ப்ளே மட்டும் அப்படியே இருக்கு. அதுல அம்பத்தாறு.

ஆறுக்கு முன்னாடி அஞ்சு. நான் புத்திசாலித்தனமா பொட்டு வெச்ச காலிக் கட்டத்துல அஞ்சு நிக்குது. பக்கத்துல செவப்பு லைட்டு எரியுது, மாலைக்குப் பின்னாடி எத்தன மணி நேரமா எரிஞ்சுதோ. ஹூட்டர் வயரு என் டூல்ஸ் பையில சுருட்டி வெச்சிருக்கு.

ஓடுனேன். கத்தணும்னு பாத்தா வாய்ல ரத்தம்தான் வருது, வார்த்தை வரல, அறுந்த நாக்கு எங்க பேசும். உள்ள சரவணன் ஷீல்ட மூஞ்சில எறக்கிட்டான், ராடு மாட்டின ஹோல்டர் கைல, குனியுறான். நான் போய் அவன் கைய ஓங்கி ஒதைச்சேன், ஹோல்டர் தெறிச்சுக் கேபிளோட பக்கத்து ஸ்டாண்டுல போய்த் தொங்குச்சு. அவன் ஷீல்டத் தூக்கிப் பாக்குறான், ரத்தம் சொட்டச் சொட்ட நான் நிக்கிறேன், வாயத் தொறந்தா ஒளறுறேன். அவன் என்ன நெனைப்பான்? அறைஞ்சது பத்தலன்னு கொல்ல வந்துட்டான் மாமன்னுதான் நெனைப்பான். என் நெஞ்சுல குத்தினான். நான் அவன் காலரப் புடிச்சேன். அவன் திருப்பி என் ஒடைஞ்ச மூக்குலயே குத்தினான், எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு, ஆனா காலர விடல. வுடுய்யா வுடுய்யான்னு அவன் கத்துறான், நாங்க ரெண்டு பேரும் நாய் மாதிரி கட்டிப் பொரண்டோம். தங்கராசு நடுவுல பூந்து வெலக்கப் பாக்குறார், அவருக்கும் என்னோட முழங்கை ஒண்ணு விழுந்துச்சு. எப்படியோ இழுத்துட்டேன், வாசல் வரைக்கும். வாசப்படிகிட்ட வந்தப்ப அவன் ஒடம்பு திடீர்னு பாறை மாதிரி கனத்துச்சு, இழுத்தா வரல. நான் பல்லக் கடிச்சு, இல்லாத பல்ல, ரெண்டு கையாலயும் அவன் தோள்பட்டைய அணைச்சு என் ஒடம்பப் பின்னால சாச்சேன். அவன் வெளிய வந்து என் மேல விழுந்தான், தங்கராசும் பின்னாடியே வெளிய வந்துட்டார்.

ஸ்டாண்டுல தொங்கின ஹோல்டர் ஆடி ஆடி எறங்கிருக்கு. ராடு தகட்ட தொட்டுடுச்சு.

சத்தம்னு சொல்ல முடியாது சார், காதுல சத்தமே கேக்கல, நெஞ்சுலதான் அடிச்சுது. பள்ளத்து மேல இருந்த தகடெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி மேல பறந்து கூரையக் கிழிச்சுது. ஒரு தகடு தங்கராசு தலைக்கு ஒரு மொழம் மேல போய் எதிர் வேப்பமரத்துல சொருகி நின்னுச்சு. வாசல் வழியா நெருப்பு ஒரு தரம் நாக்க நீட்டிட்டு உள்ள போச்சு, அந்த ஒரு தரத்துலயே சரவணனோட எடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு, தோலு கையொற மாதிரி கழண்டு தொங்குது, அவன் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். தங்கராசுக்கு ஒரு காது போனது போனதுதான். உயிர் யாருக்கும் போகல.

தில்லைநகர்ல ஒரு ஆஸ்பத்திரில மூணு பேரையும் சேத்தாங்க. பூஜ முடிஞ்சதுலேர்ந்து பூட்டிக் கெடந்த ஷெட்டுல, தொடைக்கிறப்ப எவனோ நகத்தின சாமான் பட்டு பைப்பு ஜாயிண்டு லூசாகி கசிஞ்சிருக்குன்னு விசாரிச்சவங்க சொன்னாங்க. பொட்டில அம்பத்தாறுன்னா பள்ளத்தோட அடில எவ்வளவோன்னாங்க. நான் வயரு புடுங்கினதையும் பொட்டு வெச்சதையும் பேப்பர்ல எழுதியே குடுத்துட்டேன், வேல போச்சு, போகட்டும், அது நியாயம். ஆனா கழுத்தப் புடிச்சு அடிச்சத மட்டும் எழுதல. டாக்டர்கிட்ட சைகைல சொல்லிப் பாத்தேன், வெயில்ல வலிப்பு மாதிரி வந்து நீங்களே போய் மோதிருப்பீங்கன்னார். தங்கராசும் அதத்தான் சொன்னார். டம் டம்னு சத்தம் கேட்டுத் திரும்பினேன், நீதான் மோதிக்கிட்டு இருந்த, பின்னாடி யாரும் இல்லன்னார். நீங்களும் இப்ப அதத்தான் நெனைக்கிறீங்க, மூஞ்சில தெரியுது, பரவால்ல. மாலதிதான் மொகத்தத் தொடச்சுவிடும்போது பின்னங்கழுத்தப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டா. அஞ்சு வெரலு, நகக்குறியோட, கருநீலமா. ஒரு ஆளு தன் கழுத்த தானே அப்படிப் புடிக்க முடியுமான்னு அவளே தன் கழுத்துல கைய வெச்சு வெச்சுப் பாத்தா.

அப்புறம் வீட்டுல எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க, சாமி வந்து அடிச்சுக் காப்பாத்திடுச்சுன்னு. மாமியார் ஜீயபுரத்துல பொங்கல் வெச்சாங்க. மாலதி அரங்கனுக்குத் துளசி மால சாத்தினா, நானும் கூடப் போய் நின்னேன். உண்மையச் சொல்லணும்னா எனக்கும் அது புடிச்சிருந்துச்சு. என் திமிருக்கு மூணு அடி போட்டு, என் மச்சினன் உசுர என் கைல குடுத்துட்டுப் போன ஏதோ ஒண்ணுன்னு நெனைச்சுக்கிட்டா தூக்கம் வந்துச்சு. மீட்டர மட்டும் நம்புற ஆளு, ஒரு மூணு மாசம் நிம்மதியா அத நம்பினேன்.

தை பொறந்து சரவணன் கைக்கட்டு பிரிச்சாங்க. பாக்கப் போனேன். நாக்கு தச்சு எனக்கும் பேச்சு திரும்பிருந்துச்சு, கொஞ்சம் கொழகொழன்னுதான். ஜீயபுரத்து வீட்டுக்குப் பின்னாடி வாழக் கொல்லைல கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தான். நான் மொத வார்த்தையா, தப்பு என்னுதுதான்டான்னேன். அவன் அதெல்லாம் விடுங்க மாமான்னான்.

அப்புறம் அவனே கேட்டான். "மாமா, நீங்க என் தோளப் புடிச்சு வெளிய இழுத்தீங்கல்ல. அப்ப என் கால உள்ள இழுத்தது யாரு?"

கேபிள் சுத்திருக்கும்டான்னேன். அவன் பேண்ட முழங்கால் வரைக்கும் சுருட்டினான். ஷூவும் தடிச்ச பேண்டும் போட்டிருந்த காலு, நெருப்பே படாத எடம். கணுக்காலச் சுத்தி அஞ்சு வெரலு, கருநீலமா, மூணு மாசமாகியும் மங்கல.

"கேபிள் பேசுமா மாமா?" அப்படின்னான். "தகட்டுக்குக் கீழேர்ந்து பேசிச்சு. 'கையெழுத்துப் போட்டாச்சுடா சரவணா, வெளிய ஏன் போற, வா'ன்னு சொல்லிச்சு. உங்க கொரலு. அதட்டல் இல்ல, அவ்வளவு அன்பா. எட்டு நாளாப் பேசாத மாமா பேசிட்டாரேன்னு, நான் ஒரு நிமிஷம் காலு ஒதைக்கறத நிறுத்திட்டேன். போயிடலாம்னுதான் இருந்துச்சு."

எனக்கு அந்த நேரத்துல நாக்கே இல்ல சார், வாய் நெறைய ரத்தம். என்னால ஒரு எழுத்து பேசிருக்க முடியாது, அது அவனுக்கும் தெரியும், ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்லதான படுத்திருந்தான். கழுத்தப் புடிச்சு அடிச்சதும் காலப் புடிச்சு இழுத்ததும் ஒண்ணா ரெண்டான்னு எனக்குத் தெரியல. சாமின்னு பொங்கல் வெச்சமே, எதுக்கு வெச்சோம்னும் தெரியல. மாலதிகிட்ட இதச் சொல்லல, நீங்களும் சொல்லிடாதீங்க.

இப்ப நான் மன்னார்புரத்துல எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ் பண்றேன், அவன் என் கூடத்தான் இருக்கான், ஒரு கையால என்ன முடியுமோ செய்றான். அவன்கிட்ட இனிமேலாச்சும் தன்மையாப் பேசணும்னு எனக்கு எவ்வளவோ ஆச. போன வாரம் கூட, சாப்புட்டியாடா சரவணான்னு கொஞ்சம் எறங்கின கொரல்ல கேட்டேன். அவன் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போச்சு, ரெண்டு காலையும் தூக்கி ஸ்டூல் மேல வெச்சுக்கிட்டு என்னையே பாத்தான், என் ஒதடு அசையுதான்னு. அதனால இன்னிக்கு வரைக்கும் நான் அவன அதட்டியேதான் கூப்புடுறேன்.